புழுங்குது என்று ஒரு வார்த்தை

இப்போதெல்லாம் ஜனங்களுக்குத் தங்கள் உடம்பில் வேர்க்கிறதா இல்லையா என்பதுகூட மைக்கில் ஒருத்தன் சொன்னால்தான் தெரிகிறது. இது அம்மாவாசையின் கட்சி. இதை அவர் டீக்கடையில் சொல்வார், சலூனில் சொல்வார், ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துச் சொல்வார்.

"வெயிலு அடிக்குதான்னு மேல பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. இவனுங்க டிவியப் பாக்கறானுங்க. எவனாவது சும்மா குடுக்கறேன்னா போதும், இன்னா குடுக்கறான்னு கேக்கறதுக்கு முன்னாடி கைய நீட்டிடறானுங்க. வெஷத்தக் குடுத்தாலும் வாங்கி வச்சிப்பானுங்க, பின்னாடி எதுக்காவது ஒதவும்னு."

முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் அம்மாவாசையின் வாய்க்கு அப்படி ஒரு மரியாதை.

மில்லை மூடுகிற வரைக்கும் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தான் பள்ளிக்கூடத்தை விடவில்லை, பள்ளிக்கூடம்தான் தன்னை விட்டது என்பார். நம்பிக்கை என்கிற சமாசாரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பால்காரர் ஊற்றின பாலில் விரலை விட்டுத் தொட்டுப் பார்ப்பார். காலண்டரில் கிழமையைப் பார்த்த பிறகும் தெருவில் யாரையாவது கேட்டு ஊர்ஜிதம் செய்துகொள்வார்.

வீடு ஒரே ஓர் அறை. ஒட்டினாற்போல் சமையற்கட்டு. மேலே மொட்டை மாடித் தளம். காலையில் வெயில் ஏறினால் தளம் தோசைக்கல் ஆகும், சாயங்காலம் வெயில் இறங்கின பிறகும் கல் இறங்காது. மனைவி அஞ்சலாட்சிக்கு ரத்தக் கொதிப்பு. போன வருஷக் கத்திரி வெயிலில் சமையற்கட்டிலேயே மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். "அம்மாவக் குளுமையான எடத்துல வச்சிக்குங்க" என்றார் டாக்டர்.

"குளுமையான எடம் எந்தக் கடையில விக்கறான்?" என்று அம்மாவாசை கேட்டார். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் அம்மாவாசை மாசக்கணக்காகப் பதில் தேடினார். ஏசி போடலாம் என்றான் ஒருத்தன். கரண்ட் பில்லை அவனா கட்டுவான்? கீற்றுக் கொட்டகை போடலாம். தீபாவளிக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு ராக்கெட் வந்தால் வீட்டோடு சொர்க்கம். தகரம் போடலாம், அது தோசைக்கல் மேல் இன்னொரு தோசைக்கல். குளுமை ஓடு என்று ஒன்று வந்திருப்பதாகச் சொல்லிக் கடைக்காரன் விலையைச் சொன்னான். விலையைக் கேட்டதிலேயே வேர்த்துவிட்டது.

கடைசியில் எது மலிவோ அதற்கு வந்து சேர்ந்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி ஊறப்போட்டு, வடிகட்டித் தளத்துக்கு அடித்தார். பழைய பெயிண்ட் டின்களிலும் சிமெண்டுச் சாக்குகளிலும் மண்ணை நிரப்பினார். முதலில் சுரை போட்டார், பூச்சி தின்றது. அவரை போட்டார், அணில் தின்றது. பூச்சியையும் அணிலையும் ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுப் பீர்க்கன் போட்டார். அது என்ன நினைத்ததோ, பிடித்துக்கொண்டது. சவுக்குக் கழியில் பந்தல் கட்டி, குளித்த தண்ணீரைக் குடத்தில் பிடித்து மாடிக்குத் தூக்கினார். மாசியில் பந்தல் மூடியது. பங்குனி மத்தியானம் அஞ்சலாட்சி அறையில் பாயை விரித்துப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினாள்.

வாசலில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவாசை, வாழ்க்கையில் முதல் தடவையாக எதையோ நம்பினார். அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கம் வந்தது.

பாண்டிச்சேரி என்ற பெயரை எடுத்துவிட்டுப் புதுச்சேரி என்று ஊரெல்லாம் பலகை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. பலகை எழுதுகிறவர்கள் சும்மா இருக்கக்கூடாது என்றோ என்னவோ, கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றில் 'பசுமை மனை மேம்பாட்டு மையம்' என்ற பலகையும் ஏறியது. ஏழை எளியவர்களின் வீட்டையும் தோட்டத்தையும் குறைந்த செலவில், சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் மேம்படுத்துவது மையத்தின் நோக்கம். அதுவரைக்கும் மையம் மேம்படுத்தியிருந்தது ஒரே ஒரு கட்டடத்தை. அது மையம் இருந்த கட்டடம்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு மகளிர் குழுத் தலைவி. சும்மா கிடைக்கிறது என்றால் அவள் காதுக்கு முதலில் வரும். "பெரியம்மா, ஒன் வீட்டு மாடியே பச்சையாத்தான் இருக்குது. பேரு குடுத்தா மொதல்ல ஒனக்குத்தான் பண்ணித் தருவாங்க. இன்னும் குளுமையாவுமாம்" என்றாள். அஞ்சலாட்சி தலையாட்டினாள். அப்போது அம்மாவாசை ஊரில் இல்லை. தவளக்குப்பத்தில் சித்தப்பா மகன் செத்துப்போய், கருமாதி வரைக்கும் அங்கேயே தங்கியிருந்தார்.

திரும்பி வந்தவர் தன் வீட்டு வாசலிலேயே நின்று, "யாரு வீடுய்யா இது?" என்று கேட்டார்.

வீடு மேலிருந்து கீழ்வரை கரும்பச்சையில் இருந்தது. தளம் பச்சை. சுவர் பச்சை. படிக்கட்டு பச்சை. வாசலில் படுக்கும் தெருநாயின் வாலில்கூடக் கொஞ்சம் பச்சை. உள்ளேயிருந்து கையில் கோப்போடு ஓர் இளைஞர் வந்தார். மையத்தின் கள அலுவலர் கலைவாணன்.

"வாங்க ஐயா. வாழ்த்துகள். உங்க வீடு முன்மாதிரிப் பசுமை மனையாத் தேர்வாகியிருக்கு."

"என் பீர்க்கங்கொடி எங்க?"

"அகற்றியாச்சுங்க ஐயா. அது அனுமதிச்ச பட்டியல்ல இல்ல."

"பூ விட்டிருந்துதுய்யா. பிஞ்சு தொங்கிச்சு."

"அதாங்க ஐயா சிக்கலே. பிஞ்சு விட்டா காய்க்கும். காய்ச்சா அது விவசாயம். விவசாயம் வேற துறை. நாங்க கை வச்சா அவங்க விளக்கம் கேப்பாங்க. எங்களுக்குக் காய்க்காத பசுமைக்கு மட்டும்தான் அதிகாரம்."

அம்மாவாசை மேலே ஏறிப் பார்த்தார். பந்தல் இருந்த இடத்தில் கம்பி கட்டி, அதில் பிளாஸ்டிக் கொடி சுற்றியிருந்தது. இலைகள் பளபளவென்று இருந்தன. தளத்தில் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தது. காலை வைத்தார். செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணி ஊத்த வேணாம் ஐயா" என்றார் கலைவாணன் பின்னாலேயே வந்து. "இலை உதிராது. பூச்சி வராது. இதைவிடச் சூழலுக்கு நட்பா ஒரு செடி உலகத்துலயே கிடையாது."

"அடியில சுண்ணாம்பு அடிச்சிருந்தேனே."

"பாத்தோம். வெள்ளையா இருந்தது. திட்டத்துப் பேரு பசுமை. வெளிநாட்டுலேர்ந்து பாக்க வர்றவங்க மாடி வெள்ளையா இருந்தா என்ன நினைப்பாங்க?"

கீழே அறையில் பின்பக்க ஜன்னலைத் தெர்மாகோல் வைத்து அடைத்து ஒட்டியிருந்தார்கள்.

"இது எதுக்கு?"

"உள்ள இருக்கற குளுமை வெளிய போயிடக்கூடாது இல்லீங்களா?"

"உள்ள எங்கய்யா குளுமை இருக்குது?"

"வந்தா போயிடக்கூடாதுன்னு ஒரு முன்னேற்பாடு."

உத்தரத்தில் மின்விசிறி இருந்த இடத்தில் ஒரு கொக்கி மட்டும் தொங்கியது. பசுமை மனையில் மின்விசிறி இருந்தால் அது பசுமைக்கே கேவலம் என்பதால் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி அட்டத்துப் பரணில் போட்டுவிட்டார்களாம். வாசற்படிக்கு மேலே ஒரு தகரப் பலகை. 'அறை வெப்பநிலை 26' என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

அம்மாவாசை அதை வெகுநேரம் பார்த்தார். "இந்த நம்பரு மாறுமா?"

"எதுக்குங்க ஐயா மாறணும்? நல்ல நம்பரு. இயக்குநர் ஐயாவே முடிவு பண்ணது."

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சோறு வடிக்கும்போது அஞ்சலாட்சி மறுபடியும் விழுந்தாள். எதிர்வீட்டுச் சொல்தா ராமலிங்கம்தான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ராமலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் கார் வைத்திருந்த ஒரே ஆள். வீடு திரும்பின பிறகு, பகல் பூராவும் அஞ்சலாட்சி சொல்தா வீட்டு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள்.

"குளுமையாவும்னு சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன்" என்றாள்.

"நீ பேசாத. ஒன்ன ஒண்ணும் சொல்லல" என்றார் அம்மாவாசை. அவர் திட்டாமல் விட்டது அஞ்சலாட்சிக்கு வெயிலைவிடப் பயமாக இருந்தது.

அன்றைக்கே சவுக்குக் கழியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். வீட்டைப் பார்வையிட வந்திருந்த கலைவாணன் கீழேயிருந்து கத்தினார். "ஐயா, கை வைக்காதீங்க! அது அரசாங்கச் சொத்து. கேஸ் ஆயிடும்."

"என் வீடுய்யா!"

"வீடு உங்களுது. பச்சை எங்களுது."

"புழுங்குதுய்யா. பொம்பள செத்துப்போவப் பாத்தா."

"பயனாளி புழுங்குதுன்னு சொன்னா செல்லாதுங்க ஐயா. பயனாளிக்குப் பழக்கதோஷம் இருக்கும். அதிகாரி நேர்ல வந்து, அறையில உக்காந்து, புழுங்குதுன்னு தன் வாயால சொன்னாத்தான் பிரிக்க முடியும். விதி அப்படி."

"எந்த அதிகாரி?"

"இயக்குநர்தான்."

"அப்ப அந்த ஆளக் கூட்டியா."

"அவரைக் கூட்டி வர முடியாதுங்க. அவரா வந்தாத்தான் உண்டு."

அம்மாவாசை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனார். வாசலில் காத்திருந்த நேரத்தில் பனியன் நனைந்து, சட்டையும் நனைந்தது. உள்ளே கதவைத் திறந்தால் மார்கழி. மேசைக்குப் பின்னால் இயக்குநர் நெடுமாறன் உட்கார்ந்திருந்தார். ஏசிக் குளிர் தாங்காமல் ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். பின்னால் கண்ணாடி அலமாரியில் புத்தகம் இருக்கவேண்டிய இடமெல்லாம் பொன்னாடைகள் மடித்து அடுக்கியிருந்தன.

"உக்காருங்க" என்றார் நெடுமாறன். "புழுங்குதுன்னு சொன்னீங்களாம்."

"ஆமாங்க. அறை அடுப்பாட்டம் இருக்குது. எங்க வீட்டுப் பொம்பள..."

"பெரியவரே, ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். வீடு குளுமையாத்தான் இருக்கு. உங்க உடம்புதான் பழைய உடம்பு. பழைய வீட்டுச் சூட்டுக்குப் பழகின உடம்பு. திடீர்னு குளுமை வந்தா அதுக்கு அடையாளம் தெரியாது. நாங்க வீட்டைத்தான் மேம்படுத்த முடியும். மனுஷனை மேம்படுத்த வேற துறை இருக்கு."

"நீங்க ஒரு தபா வந்து உக்காந்து பாருங்க."

"வரத்தானே போறேன்! திறப்பு விழாவே உங்க வீட்டுலதான். பிரான்சுலேர்ந்து ஒரு நிபுணரும் வர்றாங்க. நானே தலைமை. உங்க அறையிலயே உக்காந்து பேசப்போறேன். கூட்டத்துக்கு வெளியில ஒலிபெருக்கி."

"எப்ப?"

"சாயங்காலம் வைக்கலாம்னு..."

"மத்தியானமா வையுங்க ஐயா" என்றார் அம்மாவாசை. குரல் திடீரென்று வெல்லமாக இருந்தது. "சாயங்காலம்னா எல்லா வீடும் குளுந்துடும். நம்ம வீட்டுப் பெருமை தெரியாமப் பூடும்."

நெடுமாறன் அவரைப் பார்த்தார். அந்த மையத்துக்கு வந்து இப்படி அறிவோடு பேசின முதல் ஆள் இந்தக் கிழவர்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நல்ல யோசனை" என்று குறித்துக்கொண்டார்.

அம்மாவாசை எழுந்தார். அலமாரியை இன்னொரு தடவை பார்த்தார். "இதெல்லாம் ஐயாவுக்குப் போத்துனதுங்களா?"

"அன்பு. என்ன செய்யறது? வேணாம்னா கேக்கறாங்களா? அன்பை எப்படி மறுக்கறது?"

"மறுக்கக்கூடாதுங்க" என்றார் அம்மாவாசை.

தெருவுக்கு வந்தவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். வாழ்நாளில் யார் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர், பொன்னாடை இருக்கிறதா என்று கேட்டார். இல்லாத வீடு ஏது? கட்சிக்காரர் போர்த்தியது, கோயில் கமிட்டி போர்த்தியது, பணி ஓய்வுக்கு மில்லில் போர்த்தியது என்று பெட்டியடியில் கிடந்ததெல்லாம் அந்துருண்டை வாசனையோடு வெளியே வந்தது.

"எதுக்கு பெரியப்பா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"பெரிய மனுஷன் வர்றாரு. மரியாத பண்ண வேணாம்?"

"நீயா பெரியப்பா மரியாத பண்ணப்போற?"

சொல்தா ராமலிங்கம் பரணிலிருந்து ஒரு கம்பளியை இறக்கினார். "பிரான்சுல பனி கொட்டும்போது போத்திக்கினது. இத்தினி வருஷமா இந்த ஊர்ல இதுக்கு ஒரு வேல கெடைக்கல."

"கெடச்சிடுச்சி" என்றார் அம்மாவாசை.

கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு நாள், உச்சிப்பொழுதில் இயக்குநர் வந்து இறங்கினார். தெருவில் பந்தல் போட்டு நாற்காலி வரிசை. கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய். பிரான்சிலிருந்து வந்த நிபுணர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அறை வாசலில் தலையை மட்டும் உள்ளே விட்டார். உடனே வெளியே எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

கலைவாணன் ராமலிங்கத்தைப் பார்த்தார். ராமலிங்கம் மொழிபெயர்த்தார்: "சூளை நல்லாருக்குதாம். வீடு எங்க இருக்குதுன்னு கேக்கறாங்க."

அந்த அம்மாள் நேராகப் போய் வேப்பமரத்தடியில் அஞ்சலாட்சியின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அங்கே வந்தவர்களில் படித்தவர் அவர் ஒருத்தர்தான் என்று அம்மாவாசை முடிவு கட்டினார்.

அறைக்குள் நெடுமாறன் நாற்காலியில் அமர்ந்தார். தலைக்கு மேல் மின்விசிறிக் கொக்கி. முன்னால் மைக். சுவரோரமாகத் தெருக்காரர்கள் கையில் துணி மூட்டையோடு நின்றார்கள். கலைவாணன் கதவை ஒருக்களித்து வைத்தார். குளுமை போய்விடக்கூடாது என்பது திட்டத்தின் விதி.

நெடுமாறன் மைக்கைத் தட்டினார். "பெரியோர்களே, தாய்மார்களே! பசுமை என்பது நிறமல்ல. அது ஒரு கோப்பு... மன்னிக்கவும், ஒரு கோட்பாடு. இந்த ஏழையின் குடிசையை நாங்கள் எடுத்துக்கொண்டபோது இதில் செடி கொடிகள் மண்டிக் கிடந்தன. அத்தனையையும் அப்புறப்படுத்திப் பசுமையைக் கொண்டு வந்தோம். இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நான் உணர்வது என்ன? குளுமை! வெறும் குளுமையா? ஊட்டி! கொடைக்கானல்!"

வெளியே கைதட்டல் கேட்டது. உள்ளே அவருடைய மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு மைக்கில் விழுந்தது.

அம்மாவாசை முன்னால் வந்தார். "ஐயாவுக்கு மொத மரியாத" என்று, மில்லில் தனக்குப் போர்த்தின பொன்னாடையைப் பிரித்துப் போர்த்தினார். நெடுமாறன் பழகின கையால் அதைத் தோளிலிருந்து உருவிக் கலைவாணனிடம் நீட்டினார்.

"இன்னாங்க ஐயா கழட்டறீங்க?" என்றார் அம்மாவாசை மைக் பக்கமாகக் குனிந்து. "புழுங்குதுங்களா?"

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "புழுங்குதுங்களா?"

கலைவாணனின் கை பாதியில் நின்றது. நெடுமாறன் பொன்னாடையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "சேச்சே. யார் சொன்னது? இதமா இருக்கு" என்று மறுபடி போர்த்திக்கொண்டார்.

"ஐயாவுக்கு இதமா இருக்குதாம். அடுத்தது யாரு?"

சின்னப்பொண்ணு மகளிர் குழுவின் சார்பில் போர்த்தினாள். கோயில் கமிட்டி போர்த்தியது. சலூன்காரர் போர்த்தினார். ரேஷன் வரிசையில் வழக்கமாக அம்மாவாசைக்கு முதுகைக் காட்டி நிற்பவரும் வந்து, ஜரிகைக் கரையைக் கழுத்துவரை இழுத்துச் செருகிப் போர்த்தினார். ஒவ்வொருத்தரும் போர்த்திவிட்டு இரண்டு வார்த்தை பேசினார்கள். பேசாமல் போர்த்தினால் மரியாதை ஆகாதே.

"பேச்சைச் சுருக்கமா வச்சுக்கலாம்" என்றார் நெடுமாறன். முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"ஏங்க ஐயா? எதுனா அசௌகரியமா?"

"குளிர்... குளிர் கொஞ்சம் அதிகமா இருக்கு."

சொல்லிமுடித்த கணமே அவருக்குத் தான் சொன்னது புரிந்தது. அதற்குள் அம்மாவாசை கதவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார். "ராமலிங்கம்! ஐயாவுக்குக் குளுருதாம்!"

பிரெஞ்சுக் கம்பளி வந்தது. ராமலிங்கம் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, இயக்குநரைத் தலையோடு சேர்த்து மூடி, முகத்துக்கு மட்டும் வழி விட்டார். பின்னாலேயே பித்தளை டம்ளரில் ஆவி பறக்கச் சுக்குக் காப்பி வந்தது.

"குளுருக்கு நல்லதுங்க. மறுக்கக்கூடாது, அன்பு" என்றார் அம்மாவாசை.

நெடுமாறன் குடித்தார். அம்மாவாசை அவருக்கு நேர் எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, அந்த முகத்தைச் சாவகாசமாகப் பார்த்தார். நெற்றியில் முத்து முத்தாகக் கட்டி, புருவத்தில் சேர்ந்து, கண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தார். பீர்க்கம்பிஞ்சு ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் வந்தது. அஞ்சலாட்சியின் நெற்றித் தையல் ஞாபகம் வந்தது. அவசரம் ஒன்றுமில்லை. மூட்டையில் இன்னும் துணி இருந்தது.

"ஐயா" என்று கலைவாணன் காதருகில் கெஞ்சினார். "ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பிரிச்சிடலாம்."

"சொன்னா திட்டம் தோத்துடுமேய்யா" என்றது கம்பளி. "மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது? நம்பர் இருபத்தாறுன்னு நான்தானே எழுதிக் கொடுத்தேன்!"

மைக் அணையாமல் இருந்தது. அதையும் தெரு கேட்டது.

அப்போதுதான் அஞ்சலாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நெற்றியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கம்பளிக்குள் இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சொல்லிடு தம்பி" என்றாள். "நான் சொன்னா செல்லாதுன்னுட்டாங்க. நீ சொன்னா செல்லும். எனக்குக் கெடைக்காத பாக்கியம் ஒனக்குக் கெடச்சிருக்குது, சொல்லிடு."

அம்மாவாசை மூட்டையிலிருந்து அடுத்த பொன்னாடையை எடுத்து உதறினார்.

"புழுங்குது!" என்று அலறினார் நெடுமாறன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "புழுங்குதய்யா! புழுங்குது! கதவைத் தொறங்க! ஜன்னலைத் தொறங்க! யோவ் கலைவாணா, ஃபேன் எங்கய்யா ஃபேனு?"

"அட்டத்துல இருக்குதுங்க ஐயா. பேப்பர் சுத்தி" என்றார் அம்மாவாசை.

ஒலிபெருக்கி அத்தனையையும் தெருவுக்கு ஒப்பித்தது. வேப்பமரத்தடியில் அந்த வெள்ளைக்கார அம்மாள் மட்டும் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்.

அம்மாவாசை எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு" என்றார் கலைவாணன்.

"தன் வாயால?"

"தன் வாயாலதான்."

"அப்பப் பிரி."

நான்கு பேர் சேர்ந்து, மயங்கிச் சாய்ந்த இயக்குநரை வெளியே தூக்கிப்போய், கம்பளியிலிருந்து உரித்து, வேப்பமரத்தடியில் கிடத்திக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். மாடியில் கலைவாணனே பிளாஸ்டிக் கொடியை அறுத்து அறுத்துக் கீழே போட்டார். ஜன்னலில் இருந்த தெர்மாகோலை அம்மாவாசை தன் கையால் பிய்த்தார். அது பிய்கிற சத்தம் அவருக்கு நாகஸ்வரம் மாதிரி இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் அம்மாவாசைக்கு மனிதர்கள் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கக்கூடும்.

ஆனால் நெடுமாறனுக்கு நினைவு திரும்பியது. நனைந்த தலையோடு எழுந்து உட்கார்ந்தார். வேப்பங்காற்று முகத்தில் அடித்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டம் இன்னும் கலையவில்லை. டிபன் பொட்டலம் இன்னும் கொடுக்கவில்லை. மைக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

"பெரியோர்களே! உள்ளே புழுங்கியது உண்மை. நான் மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் புழுக்கம் எங்கிருந்து வந்தது? இந்தத் தெருவிலிருந்துதான் வந்தது! தெருவில் இருந்த வெப்பம் முழுவதையும் அந்த ஒரு பசுமை வீடு உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொண்டது. அதனால்தான் இப்போது இங்கே, இந்த மரத்தடியில், இத்தனை குளுமை! வீட்டுக்கு என்று போட்ட திட்டம் தெருவுக்கே பலன் கொடுத்திருக்கிறது. ஒரு வீடு இவ்வளவு உறிஞ்சினால், தெரு முழுக்கப் பசுமை வீடானால்? ஊரே ஊட்டி!"

ஜனங்கள் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் கைதட்டல் கிளம்பியது. சலூன்காரர் தட்டினார். கோயில் கமிட்டி தட்டியது. ரேஷன் வரிசைக்காரர் எழுந்து நின்று தட்டினார். கலைவாணன் மாடியிலிருந்து இறங்கி வந்து கோப்பைத் திறந்தார். அறுத்துப் போட்ட பிளாஸ்டிக் கொடியை மிதித்துக்கொண்டே ஜனங்கள் பெயர் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் முதலில் சின்னப்பொண்ணு. "பெரியப்பா, யோசிச்சிப் பாத்தா தெரு குளுகுளுன்னுதானே இருக்குது?"

"மரத்தடியில நிக்கறடி."

"இல்ல பெரியப்பா, மைக்குல சொல்றாரே."

"ஒன் வீட்டுல மத்தியானத்துல யாரு படுக்கறது?"

"நான்தான்."

"படு" என்றார் அம்மாவாசை.

நெடுமாறன் மைக்கில் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இந்த மகத்தான பரிசோதனைக்குத் தன் வீட்டையே கொடுத்த தியாகி அம்மாவாசை அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்படும். மரத்தடிக்கு வரவும்." போர்த்தக் கையில் எடுத்திருந்தது அம்மாவாசை மில்லில் வாங்கின அதே பொன்னாடை. வேர்வையில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவாசை மரத்தடிப் பக்கம் திரும்பவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது. ராமலிங்கம் நாற்காலி மேல் ஏறி மின்விசிறியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி வாசற்படிக்கு மேலிருந்த இருபத்தாறாம் நம்பர்ப் பலகையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள்.

"சுண்ணாம்பு வாங்கியாறேன். பீர்க்கன் வெதையும்."

"கூப்புடறாங்களே."

"கூப்புடட்டும்."

காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையை வகிர்ந்து நடந்தார். யாரும் வழி விடவில்லை. இடம் போய்விடும் என்ற பயம். அவர் பெயரை ஒலிபெருக்கி தெருக்கோடி வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. மணிக்கூண்டுப் பக்கம் வந்தபோது கடிகாரம் ஒரு நேரத்தைக் காட்டியது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிரே வந்தவரை நிறுத்தி மணி கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார். அம்மாவாசைக்குத் திருப்தி இல்லை. வாளியைத் தலைக்கு மேல் நிழலுக்குப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து சூரியன் எங்கே நிற்கிறது என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, சுண்ணாம்புக் கடையைப் பார்த்து நடையைக் கட்டினார்.